ஹாட் ராடு என்னும் கார்



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பேசிப் பழகியவன் நான். வகுப்பில் பேசும்போது எதிரே இருப்போரின் முகத்தைப் பார்த்தே, பாடம் விளங்கியதா இல்லையா என்று அறிந்துகொள்ளலாம். இந்த ஒலிவாங்கிக்கோ முகம் இல்லை. ஆகவே, விளங்காத மாணவன் ஒருவன் கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டே பேசப் போகிறேன். அம்மாணவன் யார் என்பதைப் பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஹாட் ராடு என்னும் ஒருவகைக் கார். சொற்பொருள் நோக்கினால் 'சூடான தண்டு' என்று வரும். பெயரைக் கொண்டு பொருளை அறிய முடியாத சொற்களுள் இதுவும் ஒன்று. பழைய கார் ஒன்றை எடுத்து, வேண்டாத பாகங்களைக் களைந்து, எடையைக் குறைத்து, வலிமை மிக்க எஞ்சினைப் பொருத்தி, ஒருவர் தம் விருப்பப்படி தம் கையாலேயே மீண்டும் உருவாக்கும் வண்டிக்கே அமெரிக்க நாட்டில் இப்பெயர் வழங்குகிறது. தொழிற்சாலையில் வரிசை வரிசையாக வெளிவரும் வண்டிகள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும். ஹாட் ராடு அவ்வாறன்று. உலகில் அதைப்போல் இன்னொன்று இராது.

சென்ற ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கே உள்ள ஓர் ஊரில், என் மகள் வீட்டில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். அவள் வீட்டிற்கு எதிர்வீட்டில் வாழ்பவர் என் பழைய மாணவர். வேலையின் பொருட்டு அந்நாட்டில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆயின. அவர் தம் வண்டிக் கொட்டகையில் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் வடிவில் ஒரு ஹாட் ராடு உருவாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாக நடந்துவந்த வேலை அது. கடைசி மூன்று திங்களை உடனிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே கண்டதையும், கண்டதால் கற்றதையும் சொல்வதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு முன்பு இக்கலை தோன்றிய வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் 'மாடல் டி' என்னும் காரை வெளியிட்டார். 1927ஆம் ஆண்டு வரை 1 கோடியே 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. பழையனவாகிய பின் அவை மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. கையில் பணமில்லாமல் நெஞ்சில் ஆர்வம் மட்டும் கொண்ட இளைஞர்கள் அவற்றை வாங்கினர். சேறு காக்கும் தகடுகள், எஞ்சின் மூடி, பின்னிருக்கை ஆகியவற்றைக் கழற்றி எறிந்தனர். எடை குறையக் குறைய வேகம் கூடிற்று. விசை மாறாதிருக்கப் பொருண்மை குறையின் முடுக்கம் மிகும் என்று நியூட்டன் சொன்னதை, அவர் நூலைப் படித்திராதவர்களும் செய்து காட்டினர்.

1932ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம், எட்டு சிலிண்டர்கள் இரு வரிசையாக ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் அமைந்த எஞ்சினைக் குறைந்த விலைக் காரில் பொருத்தி விற்றது. அவ்வகை எஞ்சின் அதுவரை பெரும்பாலும் விலை மிகுந்த வண்டிகளிலேயே இருந்தது. இக்காரோ 500 டாலருக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதன் ஆற்றல் 65 குதிரைத் திறன். அந்த எஞ்சினும் அந்த ஆண்டின் உடல் வடிவமும் ஹாட் ராடு உலகில் இன்றளவும் போற்றப்படுகின்றன.

இவ்வண்டிகளை ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே! லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால், மொஹாவி பாலைவனத்தில் வறண்ட ஏரிகள் சில உள்ளன. மழைக்காலத்தில் மெல்லிய நீர் பரவி, வெயிலில் வற்றி, களிமண் தானே மட்டமாகப் படிந்து, இறுகிய தரையாகிவிடும். இயற்கை போட்டுத் தந்த பாதை அது. முரோக் என்ற ஏரிப்படுகையில் இளைஞர்கள் கூடி வேகத்தை அளந்தனர். 1937ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னியா நேர அளவைச் சங்கம் என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. முரோக் ஏரியைப் பின்னர் அரசு விமானப் படைக்கு எடுத்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த முதல் விமானத்தை சக் யேகர் ஓட்டியது அந்த ஏரியின் மேலேதான். பழைய காரும் புதிய விமானமும் ஒரே களத்தில் வேகம் பழகின என்பது நினைந்து மகிழத்தக்க செய்தி அன்றோ?

இரண்டாம் உலகப் போர் முடிந்து இளைஞர்கள் வீடு திரும்பினர். விமான எஞ்சின்களைப் பழுது பார்த்த கைகள் மீண்டும் கார்களைத் தொட்டன. எட் இஸ்கெண்டேரியன் என்பவர் அவர்களுள் ஒருவர். ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த அவர், போருக்குப் பின் எஞ்சினின் வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளைத் தாமே கடையத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றார். 1948ஆம் ஆண்டு ஜனவரியில் இக்கலைக்கென்றே 'ஹாட் ராடு' என்னும் திங்களிதழ் தோன்றியது. 1949ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்து பான்னவில் உப்பு வெளியிலும் ஹாட் ராடு வண்டிகளின் வேகச் சோதனைகள் தொடங்கின.

ஆனால் இவ்வரலாற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பாலைவனம் வரை செல்லப் பொறுமையில்லாத சிலர் நகரத் தெருக்களிலேயே இரவில் பந்தயம் ஓட்டினர். விபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் போயின. ஹாட் ராடு என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் முகம் சுளிக்கும் நிலை வந்தது. அப்போது வாலி பார்க்ஸ் என்பவர் 1951ஆம் ஆண்டில் தேசிய ஹாட் ராடு சங்கத்தைத் தொடங்கினார். பந்தயத்தைத் தெருவிலிருந்து பிரித்து அதற்கென அமைந்த களத்திற்குக் கொண்டுசெல்வது, ஓட்டுமுன் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பது என்பவை அச்சங்கம் வற்புறுத்திய கொள்கைகள். 1953ஆம் ஆண்டில் போமோனா நகரக் கண்காட்சித் திடலில் அதன் முதல் போட்டி, காவல் துறையின் ஒத்துழைப்புடனேயே நடந்தது. வேகத்தை விரும்பியவர்கள் விதியையும் விரும்பக் கற்ற பிறகே இக்கலை நிலைபெற்றது.

இனி, என் மாணவரின் கொட்டகைக்குள் செல்வோம்.

முதலில் கண்ணில் பட்டது சட்டம். காரின் முதுகெலும்பு இதுவே. இரு நீண்ட எஃகுத் தண்டவாளங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து அமைவது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் வெட்டுமுகம் 'ப' என்னும் எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாற்போல் இருக்கும். ஒரு பக்கம் திறந்திருக்கும். 65 குதிரைத் திறனுக்கு அது போதும். அதைப்போல் நான்கு மடங்கு ஆற்றலைப் பூட்டினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஆகவே திறந்த பக்கத்தை எஃகுத் தகட்டால் மூடிப் பற்றவைத்துப் பெட்டி போல ஆக்குகின்றனர். இதன் காரணத்தை நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளைச் சுருட்டிப் பசையால் ஒட்டிக் குழாயாக்கி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. பின்பு அதையே நீளவாக்கில் ஒரு பக்கம் கத்தரியால் வெட்டிவிட்டு முறுக்குங்கள், எதிர்ப்பே இராது. தாள் அதே தாள்தான். மூடிய வடிவமே வலிமை தந்தது.

அடுத்து முன்சக்கரங்கள். அவற்றைத் தாங்கித் திருப்பும் அச்சாணி நேர்செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை 5 முதல் 7 பாகை அளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன்கவையும் அவ்வாறே சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறுபவர் இல்லாமல் சைக்கிளின் இருக்கையைப் பிடித்துத் தள்ளினாலும் அது ஓரளவு நேராக ஓடுகிறதல்லவா? திருப்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீள்வதற்கு இச்சாய்வு துணைசெய்கிறது. இந்த அளவில் பிழைத்தால் வண்டி வேகத்தில் அலைபாயும். என் மாணவர் இதனை அளந்து சரிசெய்ய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டார்.

எஞ்சின், வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்த செவ்ரலே எஞ்சின். எட்டு சிலிண்டர், கொள்ளளவு 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். தேய்ந்த சிலிண்டர்களைப் பட்டறையில் கடைந்து, புதிய பிஸ்டன்களும் கேம் தண்டும் இட்டிருந்தார். எட்டு சிலிண்டர்களும் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகத் தீப்பற்றுவதில்லை. 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்பதே அவ்வெஞ்சினின் முறை. அதிர்வு குறையவும், சுமை வணரித் தண்டின் மீது பரவி விழவும் அவ்வாறு வகுத்துள்ளனர். ஒரே ஒரு கம்பி இடம் மாறினாலும் எஞ்சின் இருமும், சுடும், நின்றுபோகும். வாய்பாட்டை மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்று சொல்லும் மாணவர் எவரேனும் இருப்பின், அவரை அந்தக் கொட்டகைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

புதிய கேம் தண்டு இட்ட அத்தகைய எஞ்சினை முதன்முறை இயக்கும்போது ஒரு விதி உண்டு. இயங்கத் தொடங்கியவுடன், நிமிடத்திற்கு 2,000 சுற்று அளவில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடவிட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் வணரித் தண்டு தெறிக்கும் எண்ணெய் கேம் தண்டின் மேடுகளுக்குப் போதிய அளவு சென்று சேராது. புதிய உலோகம் ஒன்றையொன்று அராவிவிடும். அந்த 20 நிமிடமும் கொட்டகையில் எவரும் பேசவில்லை. ஒருவர் எண்ணெய் அழுத்தத்தையும் மற்றொருவர் நீரின் வெப்பத்தையும் பார்த்திருந்தோம். குழந்தை பிறந்த வீட்டில் முதல் அழுகுரலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

எனக்கும் அங்கே ஒரு பணி கிடைத்தது. காரில் முடுக்கப்படும் ஒவ்வொரு திருகாணியையும் உரிய விசை அளவில் முடுக்கிய பின், அதன் தலையில் மஞ்சள் வண்ணத்தால் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி இருந்தால் முடுக்கியது, இல்லையேல் முடுக்காதது. பட்டியலை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, புள்ளியில்லாத திருகாணிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. வாழ்நாள் முழுதும் விடைத்தாளில் பிழை தேடிய கண்களுக்கு அது பழகிய தொழிலே. முதல் நாளில் ஏழு கண்டுபிடித்தேன். "ஐயா இன்னும் மதிப்பெண் குறைக்கிறார்" என்று சொல்லி என் மாணவர் சிரித்தார்.

நண்பர்களே, ஒரு கார் ஓடுவது வேறு. சாலைக்குத் தகுதி பெறுவது வேறு. பிந்தையது கடினம். வேகம் இரு மடங்காயின் அதிலுள்ள இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், நல்ல சாலையில் பிரேக்கை அழுத்திய பின் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்குமாயின், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 56 மீட்டர் ஓடியே நிற்கும். ஆகவே எஞ்சினுக்கு ஆற்றல் சேர்க்கும் ஒருவர் பிரேக்குக்கும் ஆற்றல் சேர்த்தாக வேண்டும். 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு காரில் பிரேக்குகள் இரும்புத் தண்டுகளால் இழுக்கப்பட்டன. 1939ஆம் ஆண்டு வண்டிகளில்தான் ஃபோர்டு நிறுவனம் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை மேற்கொண்டது. இன்று ஹாட் ராடு உருவாக்குவோர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், இரண்டு தனி அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரும் பொருத்துகின்றனர். ஓர் அறையில் எண்ணெய் ஒழுகினாலும் மற்றோர் அறை இரு சக்கரங்களையேனும் நிறுத்தும்.

இங்கேதான் எங்களுக்குச் சோதனை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் காலை, பக்கத்து ஊர்த் திடலில் ஹாட் ராடு வண்டிகள் கூடும் நாள். பதிவு, சான்று எல்லாம் முடிந்திருந்தன. அந்த மாநிலத்தில், உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒருவர் புதிதாய் உருவாக்கிய வண்டியைத் தனி வகையாகப் பதிவு செய்கின்றனர். பாகங்கள் திருட்டுப் பொருள்கள் அல்ல என்பதற்கு வாங்கிய சீட்டுகளைக் காட்ட வேண்டும். நெடுஞ்சாலைக் காவலர் வண்டியின் எண்ணைச் சரிபார்ப்பர். பிரேக்கும் விளக்குகளும் சரியாக உள்ளன என்பதற்குச் சான்று வேண்டும். வண்டி எந்த ஆண்டின் வடிவில் உள்ளதோ அந்த ஆண்டுக்குரிய புகை விதிகளின்படி பதிவு பெறவும் ஒரு சட்டம் வழி செய்கிறது. ஆனால் ஆண்டொன்றுக்கு 500 வண்டிகளுக்கே அவ்வுரிமை. என் மாணவர் அந்த 500இல் ஒருவராக இடம்பெற்றிருந்தார். அவ்வளவும் முடித்து, கூட்டத்திற்குச் செல்ல எண்ணெய் துடைத்து, வண்டியை மெல்ல வெளியே எடுத்தார்.

கொட்டகையிலிருந்து தெருவரை சிறு சரிவு. எஞ்சினை இன்னும் இயக்கவில்லை. வண்டி தானே உருண்டது. அவர் பிரேக்கை அழுத்தினார். மிதி தரைவரை சென்றது, வண்டி நிற்கவில்லை. மீண்டும் அழுத்தினார், மூன்றாம் முறை அழுத்தினார். அப்போதுதான் பிடித்தது. வாயிலின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த என் பேரனின் சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. பேரன் தண்ணீர் குடிக்க உள்ளே சென்று இரண்டு நிமிடம்கூட ஆகியிராது.

சிறிது நேரம் எவருக்கும் பேச்செழவில்லை. பிறகு அவர் இறங்கி வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். எங்கும் ஒழுக்கில்லை. மீண்டும் ஏறி மிதித்தார். இப்போது மிதி கல்லைப் போல் உறுதியாக நின்றது. குழாயில் காற்றுக் குமிழி இருக்கலாம் என்று எண்ணி, இரவு பத்து மணிவரை எண்ணெயை வெளியேற்றிப் புது எண்ணெய் விட்டனர். குமிழி வரவில்லை. மிதி உறுதியாகவே இருந்தது. அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. நாளைய கூட்டத்தைப் பற்றிய கனவிலேயே இருந்த பிள்ளை. "அப்பா, இரண்டு முறை மிதித்தால் பிடித்துவிடுகிறதே, அதை நினைவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போகலாமே" என்றான். தந்தை உடனே மறுக்கவில்லை. இரண்டு ஆண்டு உழைப்பு. ஓர் இரவுதான் இடையில் இருந்தது. அவர் மனம் ஊசலாடியதை நான் கண்டேன்.

காலையில் வந்து பார்த்தோம். முதல் மிதி மீண்டும் தரையைத் தொட்டது. இரண்டாவது, மூன்றாவது உறுதி. நின்றிருக்கும்போதுதான் ஏதோ நிகழ்கிறது என்பது அதனால் விளங்கியது. எஞ்சினைப் பற்றி எனக்கு அறிவு குறைவு. ஆனால் திரவங்களைப் பற்றிப் பத்தாம் வகுப்புக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன். ஆகையால் ஒரு வினா மட்டும் கேட்டேன்: "தம்பி, எண்ணெய்ச் சிலிண்டர் எங்கே இருக்கிறது? சக்கரத்தில் உள்ள பிரேக் பிடி எங்கே இருக்கிறது? இரண்டில் உயரமானது எது?"

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டார். இன்றைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சினின் பின்சுவரில் உயரமாக இருக்கும். 1932ஆம் ஆண்டின் வடிவத்தில் அங்கே இடமில்லை. ஆகவே ஓட்டுநரின் காலடியில், தரைப்பலகைக்குக் கீழே பொருத்துகின்றனர். அப்போது அது சக்கரங்களில் உள்ள பிரேக் பிடிகளைவிடத் தாழ்ந்துவிடுகிறது. நீர் தாழ்வை நாடும், எண்ணெயும் அவ்வாறே. இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் மெல்ல மெல்லப் பின்னோக்கி வடிந்து, பிரேக் பட்டைகள் விலகிவிட்டன. முதல் இரு மிதிகள் அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே கழிந்தன. இதற்குத் தீர்வு உண்டு. டிஸ்க் பிரேக்குக்குச் செல்லும் குழாயில் சதுர அங்குலத்திற்கு 2 பவுண்டு அழுத்தத்தையும், பின்சக்கர டிரம் பிரேக்குக்குச் செல்லும் குழாயில் 10 பவுண்டு அழுத்தத்தையும் தேக்கி வைக்கும் சிறு வால்வுகள் கிடைக்கின்றன. கட்டைவிரல் அளவே இருக்கும். அவற்றை வாங்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேட்டில் அவர் எழுதியிருந்தார். எழுதிய பக்கம் புரண்டுபோயிற்று, வாங்க மறந்துவிட்டார். திருகாணிகளை மட்டுமே எண்ணிய என் பட்டியலிலும் அது இல்லை.

அவர் சாவியை எடுத்துச் சுவரில் மாட்டினார். "இன்று போகவில்லை" என்று மகனிடம் சொன்னார். பையனின் முகம் வாடிற்று. தந்தை அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வாயிலில் இருந்த சைக்கிளைக் காட்டி, "இரண்டாவது மிதிக்கு எல்லா நாளும் நேரம் கிடைக்காது" என்றார். அவ்வளவுதான். என் ஆசிரியப் பயிற்சியில் கற்பிக்கும் முறைகள் பலவற்றைப் படித்தேன். அந்த ஒரு வாக்கியத்திற்கு நிகரான முறையைப் படித்ததில்லை.

வால்வுகள் வந்து பொருத்துவதற்கு ஐந்து நாள் ஆயின. பொருத்திய பின் இரண்டு இரவுகள் வண்டியை அசைக்காமல் நிறுத்தி வைத்தனர். மூன்றாம் நாள் காலை முதல் மிதியிலேயே பிரேக் பிடித்தது. பின்பு ஆளில்லாத் திடலில் மெதுவான வேகம், பிறகு சற்று மிகுதி, பிறகு நடுத்தரம் என்று படிப்படியாக ஓட்டிப் பார்த்தனர். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து ஒழுக்கு உண்டா, சூடு மிகுந்ததா என்று சோதித்தனர். முதல் 50 மைல் ஓடிய பின் சக்கர மரைகளை மீண்டும் முடுக்கினர். அதன் பிறகே, என்னைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தி, இடுப்புப் பட்டை கட்டி, ஊரைச் சுற்றி அழைத்துச் சென்றார். திறந்த வண்டி, முகத்தில் காற்று, எட்டு சிலிண்டர்களின் முழக்கம். அறுபத்தாறு வயதில் நான் சிறுவனானேன் என்பதை மறைப்பானேன்?

இதைக் கேட்டு நம் ஊரில் எவரும் இப்போதே திருகுகருவியை எடுத்துக்கொண்டு தந்தையின் வண்டியை நோக்கிச் செல்ல வேண்டா. உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. புகைக்குழாயை மாற்றி ஊரை எழுப்புவது கலையும் அன்று, வீரமும் அன்று. ஆனால் பழைய எஞ்சின் ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்துப் பூட்ட எந்தச் சட்டமும் தடையாக நிற்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் அதற்கெனவே உள்ளன. பாஸ்கல் விதியைப் படித்த மாணவன் ஒருமுறையேனும் பிரேக் குழாயைக் கழற்றிப் பார்க்கட்டும். குழாயைக் கழற்றத் தெரிந்தவன் ஒருமுறையேனும் பாஸ்கல் விதியைப் படிக்கட்டும். இருவரும் ஒருவரேயானால் நாட்டுக்கு நன்மை.

இனி, கடைசிப் பலகை மாணவன் யார் என்று சொல்கிறேன்.

எதிர்வீட்டு நண்பர் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தபோது, ஒருநாள் அவருடைய புத்தகப் பையிலிருந்து எண்ணெய் வடிந்து கணக்குக் குறிப்பேடு பாழாயிற்று. திறந்து பார்த்தால், பழைய மொபெட்டின் கார்புரேட்டர் ஒன்று. நான் அதைப் பறித்துக்கொண்டு, வகுப்பு முழுதும் கேட்க ஒரு சொல் சொன்னேன்: "உன் கை எழுதப் பிறந்த கையன்று, எண்ணெய் துடைக்கப் பிறந்த கை." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தக் கொட்டகையில் இருந்த மூன்று திங்களும் அச்சொல் என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், "தம்பி, அன்று சொன்னது நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். மறந்துவிட்டதாக அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே, "நினைவிருக்கிறது ஐயா. நெடுநாள் வலித்தது. ஆண்டு முடிவில் கூப்பிட்டு அந்தக் கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுத்தீர்கள், அதுவும் நினைவிருக்கிறது" என்றார். நான் தவறு செய்தேன் என்று சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுக்காததே எனக்கு மரியாதையாகப் பட்டது. பின்பு மஞ்சள் வண்ணக் கிண்ணத்தையும் தூரிகையையும் என்னிடம் நீட்டினார். பிரேக் குழாயில் புதிதாக முடுக்கிய நான்கு மரைகளில் ஒன்றுக்கு இன்னும் புள்ளி வைக்கவில்லை. கீழே குனிந்து நான் வைத்தேன். என் விரலில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது.

கையின் அறிவும் ஓர் அறிவே என்பது விளங்காமல் கடைசிப் பலகையில் நெடுநாள் அமர்ந்திருந்த மாணவன் நானே.